நூலும் மணியும் ஊசியும்: எதை ஃபைலில் வைப்பது, எதைப் பெட்டியில் வைப்பது?

நீங்கள் கேட்டது இது. நான்கறை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறீர்கள். கிராஸ் ஸ்டிச்சும், கொக்கி ஊசியால் போடும் ஆரி வேலையும் செய்கிறீர்கள். நூல், மணி, ஊசி, டிசைன் தாள் எல்லாம் படுக்கையறை அலமாரி, பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் இருக்கும் குண்டு பாதுகாப்பு அறை), சாப்பாட்டு மேசைக்கு அடியில் என்று ஐந்தாறு இடத்தில் கிடக்கின்றன. சனிக்கிழமை சமூக மன்ற வகுப்புக்கு எம்ஆர்டி ரயிலில் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டும். ரிங் ஃபைல் நல்லதா, பெட்டி நல்லதா, எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உண்மையான சிக்கலை நீங்கள் கடைசி வரியில்தான் எழுதியிருக்கிறீர்கள்: 321 என்ற எண்ணுள்ள சிவப்பு நூலை மூன்று தடவை வாங்கிவிட்டீர்கள். அதைப் பெட்டி தீர்க்காது. கையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவில்லை. நல்ல பெட்டி பத்து வாங்கினாலும், உள்ளே இருப்பது தெரியாவிட்டால் நாலாவது 321-ம் வந்து சேரும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு தையல் கடையில் 9 வருடம் ரவிக்கைக்கு ஆரி போட்டேன். அதற்குப் பிறகு 14 வருடமாக வார இறுதிகளில் வகுப்பு எடுக்கிறேன். நூல், மணி, கல், ஜரி, ஊசி, டிசைன் தாள் இவற்றைப் பற்றித் தெம்பாகப் பேச முடியும். வாழ்த்து அட்டை செய்பவர்களின் ஸ்டாம்ப், மை, பெயிண்ட், ரெசின் இதெல்லாம் என் துறை இல்லை. அவற்றுக்கு நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் வழக்கம் இதுதான்: தட்டையானது ஃபைலுக்கு, உருளுவது பெட்டிக்கு, நசுங்குவது தகர டப்பாவுக்கு. வீட்டை விட்டு வெளியே போவது இந்த மூன்றிலும் சேராமல் தனியாக ஒரு பையில். ஃபைலா பெட்டியா என்ற கேள்விக்கு இரண்டும் வேண்டும் என்பதுதான் பதில். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுக்கும்போதுதான் குழப்பம் வருகிறது. மணிப் பொட்டலங்களை ஃபைல் உறைக்குள் திணித்துவிட்டு, வளையம் திறந்து எல்லாம் தரையில் கொட்டிய கதையோடு வருடத்துக்கு ஒருவராவது வகுப்புக்கு வருகிறார்.

ஃபைலின் முதல் பக்கத்தில் கையிருப்புத் தாள் இருக்க வேண்டும். கிராஸ் ஸ்டிச்சுக்கு வாங்கும் டிஎம்சி கம்பெனி நூலில் ஏறக்குறைய 500 நிறம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. எண்களை வரிசையாக ஒரு தாளில் எழுதி, உங்களிடம் உள்ளதற்கு ஒரு புள்ளி வையுங்கள். முழு சிட்டம் என்றால் முழுப் புள்ளி, பாதிதான் இருக்கிறது என்றால் அரை வட்டம். ஒரு சிட்டம் 8 மீட்டர், அதனால் பாதி என்பது கண்ணளவிலேயே தெரிந்துவிடும். அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நூல் வரிசைக்கு முன்னால் நிற்கும்போது உங்களுக்கு வேண்டியது அந்தப் படம்தான். இதற்கென்று செயலிகளும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்திய மாணவிகள் பாதிப் பேர் மூன்று மாதத்தில் விட்டுவிட்டார்கள், தாளில் புள்ளி வைத்தவர்கள் இன்னும் வைக்கிறார்கள். இது என் வகுப்பில் கண்டது மட்டுமே. உங்களுக்குச் செயலி ஒத்துவந்தால் சந்தோஷம்.

ஆரிக்கான பட்டு நூலில் இந்த வசதி கிடையாது. தேக்காவில் வாங்கும் நூல்கண்டுகளில் எண் இருந்தாலும் ஒரு கம்பெனியின் எண் இன்னொரு கம்பெனிக்குப் பொருந்தாது. அதற்கு நான் செய்வது: தடித்த வெள்ளை அட்டையை விரல் நீளத்துக்கு வெட்டி, ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுப் போட்டு, ஒவ்வொரு நூலிலும் நாலைந்து சுற்று சுற்றி வைப்பேன். பக்கத்திலேயே வாங்கிய கடை, மாதம், எந்த ரவிக்கைக்கு என்று பென்சிலால் எழுதிவிடுவேன். இந்த அட்டையைக் கையில் கொண்டுபோய்ப் புடவையின் மேல் வைத்துப் பார்க்கலாம். கடை விளக்கில் பார்க்காதீர்கள், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மாம்பழ மஞ்சளும் கடுகு மஞ்சளும் குழல் விளக்கில் ஒன்றுபோலத் தெரியும். வெயிலில் வைத்தால் இரண்டும் வேறு வேறு.

இனி ஃபைல். துளையைப் பார்த்து வாங்குங்கள். இங்கே பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் விற்கும் ஏ4 ஃபைல்களில் பெரும்பாலும் இரண்டு வளையம், நடுவே 80 மில்லிமீட்டர் இடைவெளி. அமெரிக்காவிலிருந்து இணையத்தில் வரவழைக்கும், நூல் சுற்றிய பாபின் அட்டைகளைச் செருகி வைக்கும் பக்கங்கள் மூன்று வளையத்துக்கானவை. துளைக்குத் துளை 108 மில்லிமீட்டர். அந்த ஊர்த் தாளும் ஏ4 இல்லை, சற்று அகலம் கூட, உயரம் குறைவு. இது தெரியாமல் ஐம்பது அறுபது வெள்ளிக்குப் பக்கங்களை வாங்கிவிட்டு, மாட்ட ஃபைல் இல்லாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 11 துளை போட்ட ஏ4 உறைகள் இங்கே எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். அவை இரண்டு, மூன்று, நான்கு வளையம் எல்லாவற்றிலும் மாட்டும். வளையம் முழு வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் நேராக, ஆங்கில டி எழுத்துப்போல இருந்தால் நல்லது. பக்கங்கள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு நிற்கும், திருப்பும்போது துளை கிழியாது.

உறை எந்த பிளாஸ்டிக் என்பது இதைவிட முக்கியம். மெத்தென்று இருந்து, புதுச் செருப்புப்போல வாடை அடிக்கிற உறையாக இருந்தால் அது பெரும்பாலும் பிவிசி. வேண்டவே வேண்டாம். பிவிசியை வளையச் செய்வதற்காகச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் வெளியே கசியும். ஜெராக்ஸ் எடுத்த டிசைன் தாளின் கறுப்பு அதில் ஒட்டிக்கொள்ளும். என்னிடம் ஒரு மயில் டிசைன் இருந்தது, கழுத்துக்கு மட்டும் ஏழு வரிசைத் தோகை. நாலு வருடம் கழித்து உறையிலிருந்து உருவினேன். தாள் வெளுத்து வந்தது, மயில் உறையிலேயே தங்கிவிட்டது. உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி டிரேஸ் எடுத்துத்தான் காப்பாற்றினேன். பாலிபுரோப்பிலீன் உறைகளில் இந்தத் தொல்லை இல்லை. பொட்டலத்தில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிபுரோப்பிலீன், 3 என்றால் பிவிசி. எண் போடாத சரக்காக இருந்தால் கசக்கிப் பாருங்கள். பாலிபுரோப்பிலீன் சலசலவென்று சத்தம் போடும், வாடை அடிக்காது.

கிராஸ் ஸ்டிச் நூலை அட்டைப் பாபினில் சுற்றி ஃபைலில் வைப்பதா, சிட்டத்தை அப்படியே சின்ன ஜிப் பையில் போட்டு வளையத்தில் கோப்பதா என்பதில் ஆளுக்கு ஆள் பழக்கம் வேறு. பாபின் இடம் அடைக்காது, பார்க்க அழகு. ஆனால் சுற்ற நேரம் ஆகும், நூலில் மடிப்புத் தடம் விழும். அந்தத் தடம் நூலைக் கெடுப்பதில்லை. ஈர விரலால் நீவினால் போய்விடும். ஜிப் பையில் வைத்தால் சுற்றும் வேலை மிச்சம், மீந்த துண்டு நூலையும் அதிலேயே போடலாம். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்து உங்களுக்குக் கிடைப்பது அரைமணி நேரம்தான் என்றால் ஜிப் பைதான் என் யோசனை. அந்த அரைமணியைத் தையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதைத் தேர்ந்தாலும் எண் போட்ட காகித வளையத்தைத் தூக்கிப் போடாதீர்கள். எண் போனால் அது வெறும் சிவப்பு நூல்.

மணிக்கு வருவோம். பெட்டி வாங்கும் இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தடுப்புச் சுவர் மூடியைத் தொடுகிறதா என்பது ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். அரை மில்லிமீட்டர் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெட்டி பைக்குள் செங்குத்தாக நிற்கும்போது மணி அதன் வழியாக நழுவும். நான் செய்யும் சோதனை அடுப்படிச் சாமானை வைத்துத்தான். ஓர் அறையில் ஒரு சிட்டிகை கடுகு போட்டு மூடி, தலைகீழாகத் திருப்பி, நன்றாகக் குலுக்கி, திறந்து பாருங்கள். 11/0 என்ற அளவு எண் போட்ட மணி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், கடுகும் ஏறக்குறைய அதே அளவு. கடுகு பக்கத்து அறைக்குப் போயிருந்தால் மணியும் போகும். 15/0 மணி இன்னும் பொடி, அதற்குக் கசகசா போட்டுப் பார்க்க வேண்டும். மணியில் எண் கூடக்கூட அளவு சிறுக்கும், ஊசியிலும் அப்படியே. புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் சொல்கிறேன். கடையிலேயே கடுகு போட்டுப் பார்க்க முடியாதுதான். அதனால் முதலில் ஒரே ஒரு பெட்டி வாங்கி, வீட்டில் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

தடுப்புப் பெட்டியைவிட எனக்குப் பிடித்தது, திருகு மூடி போட்ட சின்னச் சின்னக் குப்பிகளை ஒரு பெரிய பெட்டிக்குள் நிறுத்தி வைப்பது. சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், சமிக்கி, குந்தன் கல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குப்பி, மூடியின் மேல் அந்த மணியில் ஒன்றை ஒட்டிவிடுங்கள். ஒரு குப்பி கொட்டினால் ஒரு நிறம்தான் கொட்டும். தடுப்புப் பெட்டி கொட்டினால் 24 நிறமும் ஒன்றாகும். வகுப்பில் ஓர் அம்மாவுக்கு அப்படி ஆனது. பெட்டியைத் திறந்த கையோடு முழங்கை பட்டு மேசையிலிருந்து விழுந்தது. நாங்கள் ஆறு பேர் வெள்ளைத் துணி விரித்து, ஈர ஊசி நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்துப் பிரித்தோம். அன்றைக்கு வகுப்பு முழுவதும் அதற்கே போனது.

சர்தோசிக்கும் ஜரிக்கும் தனிக் கவனம் வேண்டும். சர்தோசி என்பது மெல்லிய கம்பியைச் சுருளாக்கிய ஸ்பிரிங். ஃபைலில் வைத்தால் நசுங்கும், கொத்தாகத் தொங்கவிட்டால் இழுபட்டு நீளும். இரண்டுக்கும் மருந்து கிடையாது. பிஸ்கட் தகர டப்பாவில் பருத்தித் துணி விரித்து நீளவாக்கில் படுக்க வையுங்கள். அப்புறம் ரப்பர் பேண்ட். தயவுசெய்து ஜரிக் கண்டிலோ சர்தோசிக் கட்டிலோ ரப்பர் பேண்ட் போடாதீர்கள். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். வெள்ளியையும் செம்பையும் கந்தகம் கறுக்க வைக்கும். ஒரு தீபாவளி சமயம், அவசரத்தில் வெள்ளி ஜரிக் கண்டு ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டிப் போட்டுவிட்டேன். பொங்கலுக்கு எடுத்தபோது பேண்ட் இருந்த இடத்தில் மட்டும் மோதிரம் போட்டதுபோலக் கறுப்பு வளையம். எத்தனை சுற்றுப் பிரித்தாலும் அந்தக் கறுப்பு விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. இப்போது பருத்தி நூலால்தான் கட்டுகிறேன்.

சிங்கப்பூரில் நாம் மறக்கக்கூடாதது ஈரம். இங்கே வருடச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும், பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். பருத்தி நூல் இதைத் தாங்கிக்கொள்ளும். ஊசி தாங்காது. காகிதம் நெளியும், பூஞ்சை பிடிக்கும், வெள்ளிப்பூச்சி வரும். காற்றுப் புகாத பெட்டியில் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஈர நாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறோம். ஆகவே இறுக மூடுகிற பெட்டி என்றால் உள்ளே சிலிக்கா ஜெல் வேண்டும், சிலிக்கா ஜெல் போட்டால் பெட்டி இறுக மூட வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று வீண். நிறம் மாறுகிற ஆரஞ்சுக் குருணை வாங்குங்கள். ஈரம் குடித்ததும் கரும்பச்சை ஆகும். பையோடு ஓவன் அடுப்பில் போட்டுவிடாதீர்கள், பை உருகலாம். ஒரு தட்டில் கொட்டி 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் காயவைத்தால் பழைய நிறம் திரும்பும். பாச்சை உருண்டை மட்டும் வேண்டாம். அதன் ஆவி சிலவகைக் கண்ணாடிபோன்ற கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிகளையும் பிளாஸ்டிக் மணிகளையும் இளக்கிவிடும், வாடையும் துணியை விட்டுப் போகாது.

பாம் ஷெல்டரில் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். 1990களின் கடைசியிலிருந்து கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அது உண்டு, நம்மில் பலருக்கு அதுதான் சாமான் அறை. துணி, ஃபிரேம், பெரிய பெட்டி எல்லாம் அங்கே இருக்கட்டும். ஆனால் தடித்த கான்கிரீட் சுவர், காற்றோட்டம் குறைவு. கனத்த கதவையும் நாள் முழுக்கச் சாத்தி வைத்தால் உள்ளே காற்று தேங்கிவிடும். காகிதத்தையும் ஊசியையும் ஜரியையும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். சுவரில் இருக்கும் காற்றுத் துளைகளை மறைத்துப் பெட்டிகளை அடுக்காதீர்கள், விதிப்படியும் அவற்றை அடைக்கக்கூடாது. நூலுக்கும் ஃபைலுக்கும் நல்ல இடம் படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டு. மேற்கு வெயில் அடிக்கிற சன்னல் பக்கம் வேண்டாம், சிவப்பும் ஊதாவும் வெளுத்துவிடும்.

ஊசியை ஸ்பாஞ்சில் குத்தி வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்பளித் துண்டு நல்லது. வேலை முடிந்ததும் துணியில் துடைத்துவிட்டு வையுங்கள், துருப்பிடிப்பது பாதி நம் கை வியர்வையால்தான். பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் எண்ணி எடுங்கள், எண்ணி வையுங்கள். நான் கம்பளித் துண்டின் ஓரத்தில் எண்ணிக்கையைத் தைத்தே வைத்திருக்கிறேன். ஆரி ஊசியின் கொக்கி நுனிக்கு ஒரு மூடி கட்டாயம் வேண்டும். தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவின் மூடி பல ஊசிகளுக்குச் சரியாக உட்காரும்.

ஆரி டிசைன் தாள்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஊசியால் குத்தி எடுத்த டிரேஸை மடிக்கக்கூடாது. மடிப்பு விழுந்த இடத்தில் துளைகள் கிழிந்து கோடாகிவிடும். அடுத்த ரவிக்கையில் டிசைன் பதிய அந்தத் துளைகள் வழியாகப் பொடி தேய்க்கும்போது அங்கே ஒரு கறை விழும். ரவிக்கையின் பின்கழுத்து டிசைன் ஏ4-க்குள் அடங்காது. அதற்கு ஏ3 அளவில் ஓவிய மாணவர்கள் வாங்குகிற டிஸ்பிளே புக் இருக்கிறது, பிராஸ் பாசா பக்கம் ஓவியச் சாமான் கடைகளில் கேளுங்கள். கைக்கும் கழுத்துக்கும் ஒரே டிசைன் என்றால் இரண்டையும் ஒரே உறையில் வையுங்கள். மண்ணெண்ணெயில் பொடி குழைத்துத் தேய்க்கிறவர் என்றால், தாளைத் துடைத்து ஒருநாள் முழுக்க ஆறவிட்ட பிறகுதான் உறைக்குள் வைக்க வேண்டும். இல்லையென்றால் புத்தகம் முழுக்க அந்த வாடை ஏறி, அங்கிருந்து பட்டுத் துணிக்கும் போகும்.

கடைசியாக, வகுப்புக்குக் கொண்டுபோவது. வீட்டு ஃபைலைத் தூக்காதீர்கள். வெறும் ஏ4 தாள் 500 இருந்தாலே இரண்டரை கிலோ. தண்ணீர் பாட்டிலையும் குடையையும் சேர்த்துக்கொண்டு அதைச் சுமக்க வேண்டியதில்லை. ஏ5 அளவில் ஆறு வளையம் வைத்த சின்ன ஃபைலும், அதற்கேற்ற ஜிப் உறைகளும் வாங்குங்கள். அதில் இப்போது கையில் இருக்கும் ஒரே ஒரு வேலை மட்டும் இருக்கட்டும்: டிசைனின் நகல், அதற்கான பத்துப் பன்னிரண்டு நூல், ஊசி இரண்டு, நுனிக்கு உறை போட்ட சின்னக் கத்தரி. மணி வேண்டுமானால் அன்றைய தேவைக்கு நாலு குப்பி. அசல் டிசைன் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. கத்தரி, ஊசிகோர்ப்பான், அளவுநாடா இந்த மூன்றையும் மட்டும் இரண்டு செட் வாங்கி, ஒன்றைப் பையிலேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். வீட்டிலிருந்து எடுத்து வகுப்பில் மறந்து, வகுப்பிலிருந்து எடுத்து வீட்டில் தேடி, பொருள்கள் சிதறுவது இந்த மூன்றில்தான் தொடங்குகிறது. வீட்டுக்கு வந்த அன்றைக்கே பையைப் பிரித்து, தீர்ந்த நூலின் புள்ளியை அழித்துவிட்டால் கையிருப்புத் தாள் பொய் சொல்லாது.

பெட்டி எதுவும் இப்போதைக்கு வாங்காதீர்கள். வரும் ஞாயிறு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஒரு பாய் விரித்து எல்லா இடத்திலிருந்தும் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டுங்கள். தட்டையானது, உருளுவது, நசுங்குவது என்று மூன்று குவியல். ஒரே எண் இரண்டுக்கு மேல் இருந்தால் வகுப்பில் மாற்றிக்கொள்ளலாம், 321-க்கு எப்போதும் ஆள் இருக்கும். குவியல்களைப் பார்த்த பிறகு அலமாரித் தட்டின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அளந்து இங்கே எழுதுங்கள். ஏ3 புத்தகம் அதில் நிற்குமா, படுக்க வைக்க வேண்டுமா, குப்பிப் பெட்டி எத்தனை அடுக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.